ஒப்பீட்டு வீடு

"ஒரு போன் வாங்கலாம்னு இருக்கேன் சார்" என்று தையல்காரர் சொன்னபோது, புள்ளி குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

"என்ன சொன்னீங்க?"

"போன் சார். ஊர்ல எல்லாரும் காதுல வெச்சிக்கிட்டுத் திரியறாங்களே, அது."

புள்ளி, புள்ளியியல் துறையில் கணக்கெடுப்பாளன். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. போனும் இணையமும் வந்த பிறகு குடும்பங்களின் வருமானம் எவ்வளவு கூடியது, வீட்டுக்குள் பேச்சு எவ்வளவு குறைந்தது என்று அளக்கும் ஆய்வில் அவனுக்குத் தற்காலிக வேலை. அளக்க வேண்டுமென்றால், போன் உள்ள வீட்டுக்குப் பக்கத்தில் போனே இல்லாத ஒரு வீட்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் ஒப்பீட்டு வீடு. ஆய்வு தொடங்கியபோது அப்படிப்பட்ட வீடுகள் தெரு நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மிச்சம் இது ஒன்றுதான். இதுவும் போனால் ஆய்வு போகும். ஆய்வு போனால் புள்ளி போவான்.

வேலைக்காக மட்டுமில்லை, அந்த வீட்டை அவனுக்குப் பிடித்தும் இருந்தது. மற்ற வீடுகளில் கேள்வி கேட்டால், பதில் சொல்பவரின் கண் உள்ளங்கையில் இருக்கும். இங்கே, "போன மாசம் எத்தனை தடவை சண்டை போட்டீங்க?" என்று கேட்டால், தையல் மிஷின் நிற்கும். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வெகுநேரம் யாரும் பேச மாட்டார்கள். அந்த மௌனத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்குச் சுகமாக இருக்கும். அதை எழுதிக்கொள்ளப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "இப்ப எதுக்குண்ணே போன்?"

"கோட்டு தைக்கக் கொடுத்தவங்க வந்து வந்து பார்க்கறாங்க. ரெடியாகலேன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு எதிர்க்கடைக்குப் போயிடறாங்க. அவன்கிட்ட போன் இருக்கு."

"அவ்வளவுதானே? என் நம்பரைக் கொடுத்துடுங்க. என்கிட்ட கேட்கட்டும், நான் உங்ககிட்ட கேட்டுச் சொல்லிடறேன்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?"

"சிரமமா! இது ஆராய்ச்சிண்ணே."

மறுநாள், வீட்டு முன்னறையில் இருந்த கடையின் பலகையில் அவனுடைய எண் ஒரு முழ உயரத்தில் எழுதியிருந்தது.

"பெயின்ட்லயா எழுதினீங்க?"

"மழையில அழியக் கூடாதில்ல சார்."

அன்றிலிருந்து புள்ளியின் போன் வாயை மூடவில்லை. பல் துலக்கும்போது பித்தான் அறுந்தது. பேருந்தில் கை நீளம் குறைந்தது. துறைக் கூட்டத்தில், சமூகத்தின் மீது தொழில்நுட்பத்தின் தாக்கம் பற்றி இயக்குநர் அம்மா பேசிக்கொண்டிருந்தபோது மறுபடியும் மணியடித்தது. புள்ளி மேஜைக்கு அடியில் குனிந்தான்.

"இடுப்பைப் பிரிச்சு வெச்சிருக்கோம் சார்... சாயங்காலத்துக்குள்ள மூட்டிடுவோம்."

நிமிர்ந்து பார்த்தால், இயக்குநர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கியிருந்தார்.

"யார் இடுப்பை?"

"களப்பணி மேடம்" என்றான் புள்ளி.

போனை அணைத்து வைத்துப் பார்த்தான். அரை நாள்கூட ஆகவில்லை, ஆறு பேர் நேரே கடைக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டார்கள். தையல்காரர் மறுபடியும், "பேசாம ஒண்ணு வாங்கிடறேன் சார்" என்றார். புள்ளி பதறிப்போய் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, கடையிலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தான். கேட்டதும் பதில் கிடைத்ததால் ஆட்கள் இன்னும் கூடினார்கள். எதிர்க்கடைக்காரனின் வாடிக்கையாளர்களும் இங்கே வந்துவிட்டார்கள்.

அடுத்த குண்டைத் தையல்காரரின் மனைவி போட்டார்.

"தம்பி, கடைக்குத்தான் வேண்டாம்னு சொல்லிட்டீங்க. எனக்காவது ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கறேன். வெளியூர்ல இருக்கற என் தங்கச்சி குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"அக்கா! அக்கா! அவசரப்படாதீங்க."

அவனுடைய போனுக்குத்தான் மூச்சுவிட நேரமில்லையே. அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கையை நீட்டினான்.

"உன் போனைக் கொஞ்சம் கொடு. ஒரு வாரம்தான்."

"எதுக்கு?"

"ஒருத்தங்க தங்கச்சிகிட்ட பேசணும்."

மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரோட தங்கச்சிகிட்ட?"

"ஐயோ, நான் இல்லடி. தங்கச்சியோட அக்கா பேசணும். அந்த ஒப்பீட்டு வீடு போனா என் வேலை போயிடும்."

அவள் எடுத்துக் கொடுத்தாள். அந்த ஒரு வாரம் முடியவேயில்லை. சாப்பிடும்போது அவள் ஏதோ சொல்வாள், அவன் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியபடி, "வெள்ளிக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்" என்பான். போனில் இருந்தவரிடம் சொன்னானா, அவளிடம் சொன்னானா என்று அவனுக்கே தெரியாது. கொஞ்ச நாளில் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

ஆண்டு முடிவில் கணக்குகளைக் கூட்டிப் பார்த்த இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"என்னய்யா இது? போன் இருக்கற வீடெல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு. போன் இல்லாத இந்த ஒரு வீட்டுல மட்டும் வருமானம் ரெண்டு மடங்கு! சண்டையே இல்ல! சொந்தபந்தத்தோட உறவு 'மிக நன்று'ன்னு போட்டிருக்கீங்க!"

புள்ளி படிவக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அப்ப போன் வந்ததால மக்களுக்கு நஷ்டம்னு அர்த்தமா? இதை மேலிடத்துக்கு அனுப்பினா நாடே அதிர்ந்து போயிடும். அதுக்கு முன்னாடி அந்த வீட்டை நான் என் கண்ணால பார்க்கணும். கிளம்புங்க."

"இப்பவேயா மேடம்?"

"இப்பவேதான்."

இரண்டு போன்களையும் அணைக்க நேரமில்லை. இயக்குநர் பக்கத்திலேயே நடந்து வந்தார். நல்லவேளையாகப் பலகையில் ஒரு துணி காயப்போட்டிருந்தது. உள்ளே தையல்காரர் மரியாதையாக எழுந்து நின்றார். இயக்குநர் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். போன் இல்லை, கம்பி இல்லை, ஒன்றுமில்லை. அவர் முகத்தில் மெல்ல ஒரு வியப்பு பரவியது.

"எவ்வளவு அமைதி!" என்றார்.

புள்ளியின் சட்டைப்பை அலறியது. அவன் அதை அமுக்குவதற்குள் பேன்ட் பை அலறியது. பின்கட்டிலிருந்து தையல்காரரின் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி ஓடி வந்தார்.

"தம்பி, மேல் பையில அடிக்கறது கடைக்கு. கீழ்ப் பையில அடிக்கறது என் தங்கச்சி. கொடுங்க, கொடுங்க!"

பைக்குள் கையை விட்டு எடுத்தே விட்டார். "ஹலோ... சொல்லுடி!" என்றபடி உள்ளே போய்விட்டார்.

தையல்காரரும் ஒரு கோட்டை உதறிக்கொண்டே, "மேல் பை ஆளுகிட்ட நாளைக்குன்னு சொல்லிடுங்க சார்" என்றார்.

இயக்குநர் அசையவில்லை. வெகுநேரம் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளிக்குப் பிடித்த அதே மௌனம்தான், ஆனால் இப்போது அதில் உட்கார முடியவில்லை.

"இந்த வீட்டுல போன் இல்லேன்னு யார் எழுதினது?" என்றார் கடைசியில்.

"நான்தான் மேடம்."

"போன் இருக்கு. கை, கால் முளைச்சு, சட்டை போட்டுக்கிட்டு, துறையில சம்பளம் வாங்கிக்கிட்டு நடமாடுது."

"மேடம், இவங்க வாங்கிட்டா ஆய்வே நின்னு போயிடுமேன்னுதான்..."

"இப்ப மட்டும் நிக்காதா? போன் இல்லாத ஒரு வீடு வேணும். ஒரே ஒரு வீடு. உண்மையாவே இல்லாத வீடு. காட்டுங்க, ஆய்வும் ஓடட்டும், உங்க வேலையும் இருக்கட்டும். காட்ட முடியுமா?"

புள்ளி மனதுக்குள் தெருத்தெருவாகப் போனான். எல்லா ஜன்னலிலும் வெளிச்சமான சின்னச் சதுரம் ஒன்று தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். இயக்குநர் எழுந்தார்.

அப்போது வாசலில் சொதசொதவென்று காலடிச் சத்தம். புள்ளியின் மனைவி. முழங்கால் வரை நனைந்திருந்தாள். கையில் ஒரு காலி வாளி. மூச்சு வாங்கியது.

"நீயா? இங்க எப்படி வந்தே?" என்றான் புள்ளி, பேயைப் பார்த்தவன் போல.

"உங்களை வேற எங்க வந்து தேடறது? குளியலறைக் குழாய் வெடிச்சிடுச்சுங்க. கூடத்துல கட்டில் மிதக்குது. பிளம்பர் கடைக்கு நடந்து போனேன், அவர் இல்ல. அங்கிருந்து இங்க நடந்து வரேன்."

இயக்குநருக்குப் பரிதாபமாகிவிட்டது. "என்னம்மா இது, இவ்வளவு தூரமா நடப்பே? வீட்டுலேர்ந்து ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல போன் ஏதுங்க மேடம்?"