றேந்தையால் கட்டிய தூக்குச்சட்டி

கல்முனை,
செவ்வாய்க்கிழமை, ளுஹர் தொழுகைக்குப் பின்.

மரியாதைக்குரிய இப்றாஹிம் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், நான் சுகம். உங்கள் தங்கச்சி முனவ்வறாவும் சுகம் என்றே நினைக்கிறேன். நான்கு நாளாக முகம் பார்க்காததால் உறுதியாக எழுத முடியவில்லை. கட்டாரில் நீங்களும் ராத்தாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். வட்ஸ்அப்பில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போன பெருநாளுக்கு உங்களுக்கென்று பேசிய குரல் குடும்பக் குழுவில் போய் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும்தானே. அந்தப் பயம்தான்.

விசயத்துக்கு வருகிறேன் மச்சான். கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்து, அறுகம்பே வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடவென்று நீங்கள் கட்டிய கரவன் வேன், இந்த சீசனுக்கு ஆள் வராமல் சும்மா நிற்குது, தங்கச்சியும் மச்சானும் எடுத்து ஊர் சுற்றுங்கள் என்று சொன்னீர்கள். உங்கள் நல்ல மனசுக்கு நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் இப்போது அந்த வேனுக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன். வேன் உங்கள் தங்கச்சியின் கேற்றுக்கு வெளியே நிற்கிறது. நம்ம பக்கத்தில் வீடு பொம்பிளைக்குத்தானே, சண்டை வந்தால் மாப்பிள்ளைதான் தெருவுக்குப் போகவேணும். எனக்குப் போக வேன் இருந்தது, அந்த மட்டில் உங்களுக்கு நன்றி.

ஒன்பது நாள் பயணம். நான் கடற்கரை, பொரித்த மீன், நல்ல நித்திரை என்று நினைத்துப் போனேன். முனவ்வறா போனது பழைய தையல் சாமான் தேட. மனையியல் ரீச்சராக இருந்து பென்சன் எடுத்தவள், அந்தக் காலத்துச் சிப்பிப் பொத்தான், மரக்கட்டையில் சுற்றிய நூல், துணி ஓரத்தில் வைத்துத் தைக்கிற, கையால் பின்னிய றேந்தை இதுகளுக்காக ஊர் ஊராக இறங்கினாள். ஒலுவிலில் முதல் நாளே மானம் போனது. பழைய சாமான் இருக்கா என்று அவள் ஒரு வீட்டில் கேட்க, அரை மணித்தியாலத்துக்குள் தெருவே திரண்டு, ஓடாத காற்றாடி, ஓட்டை வாளி, ஒரு மூட்டை வெறும்போத்தல் எல்லாம் கொண்டு வந்து வேனுக்கு முன்னால் குவித்து, கிலோ என்ன விலைக்கு எடுக்கிறீங்க என்று என்னைக் கேட்டார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருசம் ஸ்டோர் கீப்பராக இருந்த என்னை, மச்சான், போத்தல்காரன் ஆக்கிவிட்டார்கள். வேன் பக்கத்தில் நீங்கள் படமாகக் கீறி வைத்த, அலையில் ஏறி நிற்கும் அரை உடுப்பு வெள்ளைக்காரியை மறைக்கப் பாய் ஒன்றும் தொங்கவிட்டிருந்தேன். பாய் எவ்வளவு என்றும் கேட்டார்கள்.

இப்படியே ஏழு நாள். கிடைத்தது பதினொரு பொத்தானும் ஒரு துருப்பிடித்த ஊசிப்பெட்டியும். எங்கள் கரையில் பழைய சாமான் எங்கே இருக்கும், இருந்ததையெல்லாம் சுனாமியில் கடல் வந்து அள்ளிக்கொண்டு போனதே என்று நான் சலித்துக்கொண்டேன். அவள் பொத்தான்களை மறுபடி எண்ணத் தொடங்கினாள். எட்டாம் நாள் வினாயகபுரத்தில் நேசம்மா வீட்டுக்குப் போனோம். முன்னொரு காலம் முனவ்வறாவோடு தையல் பயிற்சிக்குப் போன மனிசி, கடை வைத்துத் தைத்து, இப்போது விட்டுவிட்டா. அவவுடைய தகரப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு சுருள் றேந்தை வந்தது. அந்த நேரம் நான் வேனுக்கு அடியில் படுத்து ஸ்பெயார் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பார்த்திருக்க வேண்டியதை நான் பார்க்கவில்லை. நேசம்மா காசு வாங்க மறுத்து, போதாததற்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய நண்டுக்கறியும் தந்து அனுப்பினா.

வீடு வந்து மறுநாள் காலையில், முனவ்வறா களைத்துத் தூங்குகிறாளே, நாமாவது வேனை ஒதுக்குவோம் என்று இறங்கினேன். சட்டியைக் கழுவினேன். வெறுஞ்சட்டி திருப்பி அனுப்பக்கூடாது என்பது நம்ம வீட்டிலும் அவங்க வீட்டிலும் ஒரே வழக்கம்தான். நீங்கள் அனுப்பிய பேரீச்சம்பழத்தில் ஒரு கிலோவைப் போட்டேன். மூடி ஆடியது. கயிறு தேடினேன், கிடைக்கவில்லை. கட்டில் மூலையில் பழுப்பேறிய ஒரு நாடா சுருண்டு கிடந்தது. குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, ஸ்டோரில் பார்சல் கட்டுகிற இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கத்தியால் அறுத்து அதால் வேனின் பின் திரையைக் கட்டினேன். சட்டியை நேசம்மாவிடம் இறக்கச் சொல்லிப் பொத்துவில் பஸ்ஸின் கொண்டக்டரிடம் கொடுத்தேன். பின்னேரம் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது, பெருமையாகச் சொல்லியும் விட்டேன்.

“என்னத்தால கட்டினீங்க?” என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் கத்தவில்லை மச்சான். கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அலுமாரியிலிருந்து அந்தத் தலையணை உறையை எடுத்து வந்து மேசையில் விரித்தாள். கடல் வந்த அன்று, நாற்பது நாள் பிள்ளையாயிருந்த நம்ம மகள் அம்ஹாவைச் சுற்றிக்கொண்டு அவள் ஓடிய உறை. ஒரு பக்க றேந்தை கிழிந்து போனது. அவளுடைய தையல் பெட்டியும் வீடும் போய், மிஞ்சிய ஒரே துணி அது. நான் இரண்டு தடவை அதை எறியச் சொன்னவன். அதே பின்னல் நேசம்மாவிடம் இருந்ததாம். அம்ஹாவுக்கு இது ஏழாம் மாதம். வரப்போகும் பிள்ளையை அந்த உறையில்தான் கிடத்தவேணுமாம்.

“இருவது வருசமாத் தேடினன். நீங்க சட்டி கட்டிட்டீங்க,” என்றாள்.

உடனே நேசம்மாவுக்குப் போன் போட்டாள். அங்கே சட்டி போய்ச் சேர்ந்து, கொடுத்த பொருள் திரும்பி வந்ததைப் பார்த்து அந்த மனிசி உடைந்து போயிருந்தா. “பிடிக்காட்டி இஞ்சயே சொல்லியிரிக்கலாமே தங்கச்சி,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டா. பிறகு எடுக்கவேயில்லை. அன்றைக்கே என் தலையணையும் சாரனும் கேற்றடிக்கு வந்தன. இப்போது அம்ஹாதான் வயிற்றையும் தூக்கிக்கொண்டு வந்து வேன் ஜன்னலால் சோறு தருகிறாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாயிருக்கிறது.

முப்பத்தொரு வருசம் பழைய பொருளைப் பார்த்து ‘பாவனைக்கு உதவாது’ என்று முத்திரை குத்தின கை இது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன். ஒன்பது நாள் பக்கத்தில் இருந்தும், எதைத் தேடுகிறாய் புள்ள என்று ஒரு தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் பிழை செய்தவன் மச்சான்.

நீங்கள் மூத்த நானா. உங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள். ஒரு போன் எடுத்துக் கதையுங்கள். உங்கள் வேனை வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பொத்துவிலில் ஒப்படைக்கிறேன். இனி ஆயுசுக்கும் அதில் ஏறமாட்டேன்.

ராத்தாவுக்கு என் சலாம். உங்கள் உழைப்பில் பறக்கத்தும், என் வீட்டுக் கதவில் இரக்கமும் உண்டாக துஆச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
நளீம்

பி.கு: கவரை ஒட்டப்போன நேரம் பஸ் வந்து கேற்றடியில் ஹோர்ன் அடித்தது. நேசம்மாவின் தூக்குச்சட்டி! உள்ளே சூடை மீன் பொரியல், மேலே, என் முடிச்சு அவிழாமல் அப்படியே கழற்றி வைத்த அதே றேந்தை. நேற்றே அம்ஹா அவவுக்குப் போன் எடுத்து, வாப்பாவுக்குக் கயிறும் றேந்தையும் ஒண்டுதான் மாமி என்று சொல்லியிருக்கிறாள். மனிசி சிரித்துச் சிரித்து இருமினாவாம். முனவ்வறா என் முடிச்சை ஊசியால் அவிழ்க்க ஒரு மணித்தியாலம் எடுத்தாள். பிறகு வேனுக்குள் ஏறி, என்னைப் பார்க்காமல், திரையில் கட்டிய துண்டையும் அவிழ்த்தாள். இரண்டையும் சேர்த்தால் உறைக்கு அளவு காணும், ஒட்டு மட்டும் தெரியும். “தெரியட்டும்,” என்றாள். நண்டு வாசமும் போகாதாம்.

ஆகவே போன் எடுக்க வேண்டாம். உங்களிடம் முறையிட்டது தெரிந்தால் என் தலையணை மறுபடி வெளியே வரும். வெள்ளிக்கிழமை வேனும் வராது. வெறுஞ்சட்டி அனுப்பேலாது என்று அவள் வட்டிலப்பம் அவித்துவிட்டாள், இதே வேனில் வினாயகபுரத்துக்கு நேரில் போகிறோம். தேங்காய்த் தும்புக் கயிறு ஒரு கட்டை என் கையில் தந்து, இதை வேனிலேயே வைக்கச் சொன்னாள். பின்னால் பார்த்தேன், கட்டிலில் என் தலையணைக்குப் பக்கத்தில் அவளுடையதும் இருக்கிறது. சட்டியை மட்டும் என்னிடம் தரவில்லை, தன் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.