மூன்றாம் படியில் கழுகு

ஏணியின் மூன்றாம் படியில் எவுசேபியோ உறைந்துபோய் நின்றான். மேலே போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. இரண்டு கைகளும் ஏணியைக் கட்டிப் பிடித்திருந்தன. கண்கள் இறுக மூடியிருந்தன.

"தொட்டியில தண்ணி ஏறுதா, பாத்தியா செபோ?" என்று கீழேயிருந்து கேட்டாள் அவன் மனைவி ஒப்துலியா.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை சிக்கிக்கொண்டது என்பது வெறும் சாக்கு. உண்மையில் இது ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை எவுசேபியோ இதைவிடப் பெரிய உயரம் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அவன் பிழைப்பு போயிற்று.

சமையல் வாயு உருளை போட வந்தவன்தான் கடைசியில் அவன் இடுப்பைப் பிடித்து, குழந்தையை இறக்குவதுபோல் இறக்கிவிட்டான்.

"என்னண்ணே, மூணு படிக்கே இப்படியா?" என்று சிரித்தான் அவன். "ஞாயித்துக்கிழமை மல்யுத்த அரங்கத்துக்கு வாங்க. கறுப்புக் கழுகுன்னு ஒரு வில்லன் இருக்கான். எம்மாம் பெரிய கூண்டுல ஏறப் போறான் தெரியுமா? அவனைப் பாத்தாவது கத்துக்கங்க!"

எவுசேபியோ குனிந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். அந்தக் கறுப்புக் கழுகு அவன்தான்.

வாரம் முழுக்க மாமனாரின் மெத்தைக் கடையில் பஞ்சு அடைப்பவன், ஞாயிறு மாலை அலகு வைத்த கறுப்பு முகமூடியைக் கட்டிக்கொண்டால் பியூப்லா நகரமே பல்லைக் கடிக்கும். கிழவிகள் தின்று முடித்த சோளக் கதிரை அவன் மேல் எறிவார்கள். கைக்குழந்தைகள் வீறிடும். பயமுறுத்துவது அவன் தொழில், அதில் அவன் கெட்டிக்காரன்.

முகமூடிக்கு அடியில் இருந்த முகம் வேறு. உருண்டையான, பால் வடியும் முகம். சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழும். முறைத்தாலும் விழும். இந்த முகத்தை ஊர் ஒரு தடவை பார்த்துவிட்டால் யார் பயப்படுவார்கள்? கிள்ளிக் கொஞ்சத்தான் வருவார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் மெத்தைதான்.

வினை போன வாரம் தொடங்கியது. போட்டிகளை நடத்தும் தோன் ரெமிஹியோ, வீரர்களை எல்லாம் உடைமாற்றும் அறையில் கூட்டி வைத்துப் பேசினார்.

"அந்தக் காலத்துல ரெண்டு பேரைத்தான் கூண்டுல விடுவாங்க. அடி தாங்காம வில்லன் ஓடிடக் கூடாதுன்னுதான் கூண்டே. அது ஜனத்துக்குச் சலிச்சுப்போச்சு. நாலு பேரை விட்டாங்க, ஆறு பேரை விட்டாங்க. இப்ப சட்டமே தலைகீழ். ஓடுறவன்தான் ஜெயிச்சவன்! கம்பி வலையில ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ரெண்டு காலும் தரையில பட்டாத் தப்பிச்சான். கடைசியா உள்ள மாட்டுறவனுக்கு முகமூடி போச்சு. நாம ஏழு பேரை விடப் போறோம்."

"எதுக்கு முதலாளி ஏழு?" என்றான் சம்மட்டி என்கிற தடியன். அவனும் வில்லன்தான், எவுசேபியோவின் கூட்டாளி.

"ஒருத்தனுக்காகப் பயப்படறதுக்குக் குடுக்கிற டிக்கெட்டுலேயே ஏழு பேருக்காகப் பயப்படலாம்ல! அதான்டா கூண்டோட ருசி." தோன் ரெமிஹியோ மீசையைத் துடைத்துக்கொண்டார். "தோக்கறவனைத் தவிர எல்லாரும் ஏறியே ஆகணும். சரி, யாரு தோக்கறது? யாரு முகமூடியைக் குடுக்கறது?"

எல்லாரும் தங்கள் காலணிக் கயிற்றை ஆராய்ந்தார்கள். முகமூடிக்காரன் முகத்தைக் கொடுப்பது உயிரைக் கொடுப்பது மாதிரி.

அப்போதுதான் வெள்ளித் தேள் எழுந்தார். அவர் நல்லவர் பக்கம். ஊரே தலையில் வைத்துக் கூத்தாடும் பெரிய மனிதர். கயிற்றின் மேலேறிக் குதிக்கும் வித்தையெல்லாம் அவரிடம் கிடையாது. தேள் மாதிரித் தரையோடு தரையாக ஊர்ந்து, காலைப் பிடித்து முறுக்கியே பேர் வாங்கியவர்.

"நான் குடுக்கறேன்," என்றார் தேள். "எனக்கு வயசாச்சு. சின்னப் பசங்க நல்லா இருக்கட்டும்."

சம்மட்டி வாய்விட்டு அழுதான். தோன் ரெமிஹியோ அவரைக் கட்டிக்கொண்டார். எவுசேபியோவுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. மனிதர் முகத்தையே கொடுக்கிறார், நமக்கு ஒரு வலை ஏற வக்கில்லை!

ஏணியில் தோற்ற அன்றே ஒப்துலியா வழி சொன்னாள்.

"போய் உண்மையைச் சொல்லிடேன். உயரம்னா பயம்னு."

"கழுகுக்கு உயரம்னா பயம்னா? ஊர் வாயால சிரிக்காதுடி."

"அப்ப முழங்கால் வலின்னு சொல்லு. உன்னைச் சேத்துக்க மாட்டாங்க."

அது நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாளே நொண்டிக்கொண்டு போய் நின்றான். தோன் ரெமிஹியோ உருகிப்போனார்.

"முழங்கால் வலியோடயா ஏறுறேங்கிறே? நீதான்டா கலைஞன்!"

"இல்ல முதலாளி, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணும் சொல்லாதே. ரெண்டாவதா வெளிய போறதா இருந்தியே, அது வேணாம். எல்லாரும் போகட்டும். நீ ஓய்வெடுத்துக் கடைசியா ஏறு. உள்ள தேள், மேல நீ. நொண்டி நொண்டி நீ ஏறுறதை அரங்கமே மூச்சுப் பிடிச்சுப் பாக்கும்!"

எவுசேபியோவுக்கு, கூட்டத்தோடு கூட்டமாக ஏறினால் சம்மட்டி கீழேயிருந்து தள்ளிவிடுவான் என்று ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் போயிற்று.

இன்னும் ஒரு வழி இருந்தது. கூண்டுக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. வீரர்கள் அதன் வழியாக நுழைந்ததும் வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். கூண்டைப் பூட்டிக் கழற்றும் நபோரிடம் ஒரு சீசா மெஸ்கால் சாராயத்தோடு போனான்.

"நபோரு, ஞாயித்துக்கிழமை அந்தப் பூட்டை மட்டும் சரியா அமுக்காம விட்டுடேன்."

"ஏன்?"

"ஒரு வேடிக்கைக்கு."

நபோர் சீசாவை வாங்கிக்கொண்டான். அவன் நாணயமானவன்தான், ஆனால் உள்ளே சாராயம் போனால் நாணயம் தாங்க முடியாத அளவுக்கு அதிகமாகிவிடும். அன்று சாயங்காலமே தோன் ரெமிஹியோ காலடியில் உட்கார்ந்து அழுதான்.

"முதலாளி, யாரோ பூட்டைத் திறந்து வைக்கச் சொல்றாங்க. யாருன்னு மட்டும் கேக்காதீங்க, நான் துரோகி இல்ல."

ஞாயிறு மாலை எவுசேபியோ அரங்கத்துக்குள் நுழைந்தபோது கதவு இருந்த இடத்தில் பற்றவைத்த இரும்புப் பட்டைதான் இருந்தது. கூண்டின் தலையில் புதிதாக இன்னொரு வரிசை வலையும் முளைத்திருந்தது.

"எவனோ ஏமாத்தப் பாத்தான்," என்றார் தோன் ரெமிஹியோ பெருமையாக. "கதவையே அடைச்சிட்டேன். உசரத்தையும் கூட்டிட்டேன். உள்ள போறதுக்கு மட்டும் கூண்டையே ஒரு பக்கம் தூக்கி இறக்குவாங்க. இனிமே வெளிய வர ஒரே வழி, மேல!"

எவுசேபியோ மேலே பார்த்தான். வலை ஏறிக்கொண்டே போய் விளக்குகளுக்குள் மறைந்தது. முகமூடிக்குள் பல் தந்தியடித்தது அவன் காதுக்கே கேட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளித் தேளும் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார், சட்டென்று தலையைக் குனிந்து சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். பாவம், முகத்தைக் கொடுக்கப் போகிறவரின் வேதனை என்று எவுசேபியோ நினைத்தான்.

மணி அடித்தது. ஏழு பேரும் ஒருவரை ஒருவர் துவைத்தார்கள். அரங்கம் அலறியது. ஒருவன் ஏறினால் இருவர் அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் தப்பினான், மற்றொருவன் தப்பினான். ஒவ்வொருவன் வெளியே குதிக்கும்போதும் கூட்டத்தின் கூச்சல் ஏறிற்று, எவுசேபியோவின் நெஞ்சு இறங்கிற்று. சம்மட்டியும் பொதுக்கென்று அந்தப் பக்கம் விழுந்து, வலைக்கு வெளியிலிருந்து கையாட்டினான்.

உள்ளே இரண்டே பேர். தேள் திட்டப்படி அடிபட்டதுபோல் மல்லாந்து கிடந்தார். இனி எவுசேபியோ ஏற வேண்டியதுதான்.

வலையில் விரல்களை மாட்டினான். ஒரு கால் வைத்தான். இன்னொரு கால் வைத்தான். மூன்றாவது அடியில் உடம்பு நின்றுவிட்டது. கை தன்னுடையதாக இல்லை. தலை சுற்றியது. வலையே மூச்சுவிடுவதுபோல் ஆடியது. செத்துவிடுவோம் என்று நிச்சயமாகத் தோன்றியது.

"ஏறுடா," என்று தரையிலிருந்து முனகினார் தேள்.

"முடியலண்ணே."

"நடிக்கிறது போதும், ஏறு!"

"நடிக்கலண்ணே. எனக்கு உயரம்னா பயம். சின்னதுலேர்ந்தே."

தேள் செத்த பிணம் எழுந்ததுபோல் விருட்டென்று எழுந்தார். கூட்டம் கொந்தளித்தது. அவர் ஓடிவந்து எவுசேபியோவின் இடுப்பைப் பிடித்து மேலே தள்ளினார். பார்த்தவர்களுக்கு இழுப்பதுபோல்தான் இருந்தது.

"அண்ணே, நீங்க ஏறிப் போயிடுங்க," என்று அழுதான் எவுசேபியோ. மெத்தைக் கடை கண்ணில் தெரிந்தது, இருந்தும் சொல்லிவிட்டான். "நான் தோத்துடறேன். என் முகமூடியை எடுத்துக்கட்டும். நீங்க நல்லா இருங்க."

தேளின் கைகள் வெடவெடவென்று நடுங்கின.

"முடியவே முடியாது! வாக்குக் குடுத்தாச்சு. நான்தான் தோப்பேன். ஏறித் தொலைடா!"

இப்படியும் ஒரு மனிதரா என்று எவுசேபியோவுக்குக் கண் கலங்கியது. ஆனால் கால் நகரவில்லை.

திடீரென்று பின்கழுத்தில் குளிர்ந்தது. தேளின் விரல்கள் அவன் முகமூடியின் கயிற்று முடிச்சில் இருந்தன.

"ஏறுறியா, இல்ல இங்கயே அவுத்து உன் மூஞ்சியைக் காட்டட்டுமா?"

"அண்ணே! வேணாம்ணே!"

முதல் முடிச்சு அவிழ்ந்தது. முகமூடி காதுவரை தளர்ந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் காற்றுப் பட்டது, குழி விழுந்த அதே கன்னத்தில். கயிறு தேளின் கையில். தப்ப வேண்டுமானால் அந்தக் கைக்கு எட்டாத உயரம் போக வேண்டும். எவுசேபியோ கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா! மாதாவே!" என்று அலறியபடி தாவினான். ஒரு கை, ஒரு கால், மறுபடி ஒரு கை. கூட்டம் அதை வில்லனின் வெறிக்கூச்சல் என்று நினைத்து எழுந்து நின்று காறித் துப்பியது.

உச்சியில் கம்பி வயிற்றில் இடித்தது. அங்கே கண்ணைத் திறந்ததுதான் தப்பு. கீழே சம்மட்டியின் தலை மிளகளவு தெரிந்தது. எவுசேபியோ ஈரத்துணி மாதிரி கம்பியில் தொங்கினான்.

"இறங்குடா!" என்று கத்தினான் சம்மட்டி.

"மாட்டேன்!"

கூட்டாளிக்கு உதவி செய்வதாக நினைத்துச் சம்மட்டி கூண்டைப் பிடித்து உலுக்கினான். கழுகு பிடி நழுவி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பறந்து, சம்மட்டியின் தொப்பை மேல் வந்து விழுந்தது. உருண்டான். இரண்டு கால்களும் தரையில் பட்டன. மணி அடித்தது.

அவன் தரையைக் கட்டிக்கொண்டு அழுதான். ஒரு கையால் முகமூடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

கூண்டைத் தூக்கினார்கள். வெள்ளித் தேள் நடுவில் மண்டியிட்டு, முகமூடியைத் தானே கழற்றி, மைக்கில் தன் பெயரைச் சொன்னார். "கிரெசென்சியோ மோத்தா, அத்லிஸ்கோ ஊர்க்காரன்." சுருக்கம் விழுந்த நல்ல முகம். அரங்கமே விம்மியது. பூக்களும் தொப்பிகளும் பறந்துவந்து விழுந்தன. அந்த முகத்தில் துளிக்கூட வருத்தம் இல்லை, காய்ச்சல் விட்டதுபோல் ஒரு தெளிவு மட்டும் இருந்தது. மகான் என்றால் இவர்தான் என்று எவுசேபியோ நினைத்தான்.

உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் தேளின் மனைவி செனோவியா, ஒரு வாளி நிறைய தமால் என்னும் சோள மாவுக் கொழுக்கட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். எவுசேபியோவுக்கு அடக்க முடியவில்லை. அலகு ஒரு பக்கம் கோணியிருக்க, அவள் முன்னால் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கடவுள்மா! நான் தோக்கறேன்னு கெஞ்சியும் கேக்காம எனக்காகத் தோத்தாரு. தன் முகத்தையே குடுத்துட்டாரும்மா! இந்தத் தியாகத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

"தியாகமா?" செனோவியா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க வேற! தோக்கறவன் ஒருத்தன்தான் ஏற வேண்டாம்னு தெரிஞ்சதும் அந்த ஆளு முதல்ல எழுந்திரிச்சிட்டாரு. எங்க மாடித் தண்ணித் தொட்டிக்கு, கல்யாணமான நாள்லேர்ந்து ஏணி ஏறுறது நான்தானே!"