குடைமிளகாய் உரித்துத் தரப்படும்

"ஆளே கையில இல்லாம, ஆள் வருவாங்கன்னு எப்படிச் சொன்னே?" என்று கேட்டான் ருமென்.

"நான் எங்க சொன்னேன்? அந்த இணையப் பக்கமே சொல்லிடுச்சு," என்றாள் அவன் மனைவி ஸ்லாதினா.

பிளோவ்திவ் நகரத்தில் செப்டம்பர் பிறந்துவிட்டால் பால்கனிக்குப் பால்கனி சிவப்புக் குடைமிளகாய் சுடும் புகைதான். சுட்டதைத் தோலுரித்துப் புட்டிகளில் அடைத்தால்தான் குளிர்காலம் ஒப்பேறும். விரலைப் பொசுக்கும் அந்த வேலையை யாராவது வீட்டுக்கே வந்து செய்து கொடுத்தால் எப்படி இருக்கும்? காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து மனுக்களைப் படித்துப் படித்துச் சலித்துப்போயிருந்த ஸ்லாதினாவுக்கு உதித்த யோசனை இது.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென்றே இருக்கும் ஒரு கருவியில் பெட்டிகளை இழுத்து இழுத்துப் பொருத்தி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இணையப் பக்கத்தைக் கட்டிவிட்டாள். கேட்பார் இருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பது, ஆளைப் பிறகு பிடிப்பது என்பதுதான் திட்டம். ஆனால் பொத்தானை அழுத்தியவர்களுக்கெல்லாம் 'நாளைக் காலை எங்கள் நிபுணர் வருவார்' என்று தானாகவே பதில் போகும்படி ஒரு பெட்டியை எங்கோ பொருத்தித் தொலைத்திருந்தாள். பொத்தானை நிறையப் பேர் அழுத்தியும் விட்டார்கள்.

ஆகவே காலையில் ருமென் நிபுணரானான். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவன் தொழில். மிளகாய்க் காலத்தில் பியானோவை யாரும் நினைப்பதில்லை என்பதால் சும்மாதான் இருந்தான். இருட்டும் நேரத்தில் புகை நாற்றத்தோடு திரும்பியவன், சாப்பாடு வேண்டாம் என்றான். போன வீட்டிலெல்லாம் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார்களாம்.

மறுநாள் கேட்டவர்கள் இரண்டு மடங்கு. ஒருவனால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? கூட்டத்தைக் குறைக்க ஸ்லாதினா விலையை ஏற்றினாள். கூட்டம் ஏறியது. விலை அதிகமென்றால் தரம் என்று ஜனங்கள் நம்புகிறார்கள், நல்ல அறிகுறி என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

சீக்கிரம் முடியட்டும் என்று, வீட்டுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் உரிக்க மாட்டோம் என்று அறிவித்தாள். அதற்கும் யாரும் முணுமுணுக்கவில்லை. ருமென் மட்டும் முன்னைவிடத் தாமதமாக வீடு திரும்பினான்.

கடைசியில், வீட்டிலிருப்பவர் கூடவே உட்கார்ந்து தானும் உரிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டாள். காசும் கொடுத்து வேலையையும் யார் செய்வார்கள், பாதிப் பேராவது கழன்றுகொள்வார்கள் என்பது அவள் கணக்கு. அன்றைக்குத்தான் அவள் கைப்பேசி ஓயாமல் அதிர்ந்தது. வருடத்துக்கு ஒருமுறை செய்தாலே போதுமான வேலைக்கு, ஒரே வாரத்தில் மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டவர்களும் இருந்தார்கள்.

"வந்தவங்களே திரும்பத் திரும்ப வர்றாங்க பாரு. இதுக்காகப் பெரிய பெரிய கம்பெனியெல்லாம் தவம் கிடக்குது," என்றாள்.

"ஸ்லாதினா, அந்த வீடுகள்ல உரிக்கிறதுக்குன்னு அவ்வளவா ஒண்ணும்..."

"அப்ப இன்னும் வேகமா முடிக்கலாம்ல," என்று சொல்லிவிட்டு மடிக்கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த ஆண்டு தலைநகர் சோபியா, அதற்கடுத்து நாடு முழுக்க. ருமெனுக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற மாணவர் படை. முதலீடு செய்பவர்கள் இருவர் அவளைப் பார்க்கச் சம்மதித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வேலையை ராஜினாமா செய்தாள். மேலாளர் கான்சோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா யோசிச்சீங்களாம்மா?"

"யோசிக்கல சார். சோதிச்சே பாத்துட்டேன்."

வெளியே வந்தபோது ருமெனிடமிருந்து அழைப்பு. முதுகு பிடித்துக்கொண்டதாம், எழுந்திருக்க முடியவில்லையாம். அவளுக்கு அதுவும் நல்லதாகவே பட்டது. வாடிக்கையாளரை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்டால், முதலீட்டாளர்களிடம் சொல்ல வசதியாக இருக்கும். தானே கிளம்பினாள்.

நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்தவர் நெவெனா, பணி ஓய்வு பெற்ற பல் மருத்துவர். தலையைப் புதிதாக அலங்கரித்து, உதட்டுச் சாயமும் பூசியிருந்தார். ஸ்லாதினாவின் தோளுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"அவர் வரலையா?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு மேடம். நானும் நல்லாவே உரிப்பேன்."

சமையலறை மேசையில் பூசணிக்காய்ப் பணியாரம், இரண்டு கோப்பை, காபி. ஓரமாக ஒரு தட்டில் சுட்ட மிளகாய். காபி ஆறுவதற்குள் ஸ்லாதினா அத்தனையையும் உரித்துத் தள்ளிவிட்டாள். நெவெனா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு ஸ்லாதினா பெருமையாக ஆரம்பித்தாள். இனி ருமென் வரவேண்டியதில்லை, பயிற்சி பெற்ற பிள்ளைகள் வருவார்கள், அரை மணியில் முடித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள் என்றாள். நெவெனாவின் முகம் வாடியது.

"எங்க சேவைல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது மேடம்? வேகமா, சுத்தமா?"

நெவெனா பணியாரத் தட்டை மூடி வைத்தார்.

"என் மிளகாயையெல்லாம் நான் எப்பவோ உரிச்சு அடைச்சாச்சும்மா. என் கதை பாதியில நிக்குது, மீதியைக் கேக்க அவரை வரவழைக்கணுமேன்னுதான் காலைல போய் இந்த ரெண்டு கிலோவை வாங்கிட்டு வந்தேன்."