அசையாத மன்னரும் இரண்டு வெள்ளைக் கோடுகளும்

அதிரதபுரி என்றொரு நாடு. மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவே நல்ல தார்ச்சாலை. அங்கே மன்னராட்சிதான் நடந்தது. ஆனால் மன்னரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அது எப்படி மன்னராட்சி ஆகும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. முடிசூட்டிய மறுநாளிலிருந்து அடுத்த தேர்தலின் முந்தைய நாள் வரை அங்கே குடியிருந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இந்தக் கதை நடந்தபோது அரியணையில் இருந்தவர் வாயுவேக வர்மர். ‘நாடு பறக்கிறது’ என்பது அவருடைய முழக்கம். அதை எழுதாத சுவர் அந்த நாட்டில் இல்லை. நாடு பறந்ததோ இல்லையோ, அவருடைய வண்டி பறந்தது.

தலைநகரிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலையில் புளியந்திருப்பம் என்று ஓர் இடம். சாலைக்கு இந்தப் பக்கம் சந்தை, அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும். ஒரு காலத்தில் மாதத்துக்கு இரண்டு பேர் அங்கே அடிபட்டுச் செத்தார்கள். ஊர்க்காரர்கள் கத்திக் கதறியதில் முந்தைய ஆட்சி, மற்றச் சாலைகளில் இருந்ததைப் போல ஒரு வேகக்கண்ணை அங்கேயும் நட்டுவிட்டுப் போயிற்று. அதற்குப் பொறுப்பாளர் பூங்காவனம். வயது நாற்பத்தாறு. அந்தக் கண்ணின் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைக்காமல் அவள் ஒருநாளும் வேலையைத் தொடங்கியதில்லை.

கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவளே விளக்கம் சொல்வாள். “ரோட்டுக்குக் குறுக்க ரெண்டு வெள்ளைக் கோடு இருக்குது பாருங்க. நடுவுல இருபது மீட்டர். முன்சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் ஒரு படம், ரெண்டாவது கோட்டைத் தொட்டதும் இன்னொரு படம். நடுவுல எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கண்ணு பார்த்துக்கும். இருபது மீட்டரை அந்த நேரத்தால வகுத்தா வேகம் வந்துடும். ஒண்ணரை வினாடி ஆச்சுன்னா போயிட்டு வாங்க. முக்கால் வினாடியில தாண்டினா வீட்டுக்குக் கடிதாசி வரும்.”

கடிதாசி வந்தால் அபராதம் கிடையாது. வண்டிக்குப் பூட்டு, ஏழு நாள் நடை. எங்கே போவதென்றாலும் கால்தான். ஒரு நீதிபதி நடந்திருக்கிறார். இறால் ஏற்றுமதி செய்யும் கோடீஸ்வரர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். பூங்காவனத்தின் கணவர் தாமோதரனே மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாத அந்த இடத்தில் ஸ்கூட்டரில் ஐம்பத்தேழில் வந்து மாட்டினார். கடிதத்தில் கையெழுத்திட்டவள் அவர் மனைவி. “கட்டின புருஷனுக்கே நோட்டீஸ் அனுப்பறவளை இப்பதான் பார்க்கிறேன்” என்று ஏழு நாளும் முணுமுணுத்துக்கொண்டே அவர் நடந்தார். எட்டாம் நாள் சந்தையில் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கண் வைத்து மூன்று வருடம். திருப்பத்தில் ஓர் உயிர் போகவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் பூங்காவனத்துக்கு நெஞ்சு நிறைந்துவிடும். நானாக இருந்தால் நெற்றியிலேயே எழுதி ஒட்டிக்கொண்டிருப்பேன். அவள் நிமிர்ந்து நடப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இந்த நிலையில் மன்னர் கடற்கரையில் ஒரு புது அரண்மனை கட்டினார். அதற்குப் போக வர அவருக்கு அந்தச் சாலைதான் வழி. முதல் நாளே அவர் வண்டி இருபது மீட்டரை அரை வினாடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு தாண்டியது. மணிக்கு நூற்று இருபத்தெட்டு. வழக்கம்போல் கடிதம் போயிற்று: ‘வாயுவேக வர்மர் அவர்களுக்கு. தாங்கள் ஏழு நாள் நடக்கக் கடவீர்கள்.’

மறுநாளே போக்குவரத்து அமைச்சர் நவகோடியார் நான்கு வண்டிகளோடு வந்து இறங்கினார்.

“அம்மா, இந்தக் கருவி யாரைப் படம் பிடித்திருக்கிறது என்று தெரிகிறதா?”

“வண்டியைங்க.”

“வண்டிக்குள் யார் இருந்தார்கள்?”

“அது கண்ணுக்குத் தெரியாதுங்கய்யா. முன்சக்கரம் தெரியும், நம்பர் பிளேட் தெரியும். அதுக்குக் குடுத்த அறிவு அவ்ளோதான்.”

அமைச்சர் கண்ணை மூடி யோசித்தார். “அப்படியானால் பிழை எண் பலகையில் இருக்கிறது” என்றார்.

முதல் ஆணை பிறந்தது. மன்னரின் வண்டிக்கும், மன்னர்பால் பக்தி கொண்டோரின் வண்டிகளுக்கும் எண் பலகை தேவையில்லை. பக்திக்கு அடையாளமாக முன்கண்ணாடியில் மன்னரின் படத்தை ஒட்டினால் போதும். பத்தே நாளில் அந்த நாட்டில் பக்தி பெருக்கெடுத்தது. அதுவரை மன்னரை மூச்சுக்கு மூச்சு திட்டிக்கொண்டிருந்த மணல் லாரிக்காரர்கள்கூடப் படம் வாங்கப் பசையோடு வரிசையில் நின்றார்கள்.

ஆனாலும் கண் தன் வேலையை விடவில்லை. எண் இல்லாவிட்டால் என்ன, கொடி பறக்கும் வண்டி அந்த நாட்டில் ஒன்றுதானே! ஒவ்வொரு முறையும் படம் எடுத்து வேகத்தைப் பதிந்துகொண்டது. மன்னரை இப்படிப் பொசுக்கென்று படம் எடுப்பதே மரியாதைக் குறைவு என்று அமைச்சருக்குப் பட்டது. இரண்டாம் ஆணை: மன்னர் கடக்கும்போது கண்ணைப் பட்டுத்துணியால் மூடிவைக்க வேண்டும். மன்னர் எப்போது கடப்பார் என்பது பாதுகாப்பு ரகசியம். ஆகவே எப்போதும் மூடிவைக்க வேண்டும்.

பூங்காவனம் தன் கையாலேயே அதை மூடினாள்.

நான்காம் நாள், திருப்பத்தில் டீக்கடை வைத்திருந்த சீதாபதி, ஆஸ்பத்திரிக்கு டீ கொண்டுபோகச் சாலையைக் கடந்தார். எண் இல்லாத ஜீப் ஒன்று அவரைத் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போயிற்று. சீதாபதி உயிர் பிழைத்தார். வலது கால் பிழைக்கவில்லை. பத்தடி தூரத்தில் நின்று அதைப் பார்த்தவள் பூங்காவனம். அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அந்தத் துணியை நான்தானே கட்டினேன் என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பட்டுத்துணியை அவிழ்த்து, மடித்து, ஒரு வரி எழுதி அரண்மனைக்கு அனுப்பினாள்: ‘என் வேலை கண்ணைத் திறந்து வைப்பது. மூடி வைப்பதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும்.’

சந்தைக்காரர்கள் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்கள். கத்தரிக்காய் விற்கிறவர், மீன் விற்கிற பெண்கள், தாமோதரன், எல்லோரும். மன்னரின் வண்டி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றது. அமைச்சர் நவகோடியார் குடையோடு ஓடி வந்தார். இந்த முறை அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சாலையென்றும் பாராமல் கூட்டத்துக்கு நடுவே உரையாற்றினார்.

“கண் திறந்தே இருக்கட்டும். சட்டமும் காக்கப்பட வேண்டும், மன்னரின் மாண்பும் காக்கப்பட வேண்டும். வேகம் என்பது யாது? தூரத்தை நேரத்தால் வகுப்பது. நேரத்தில் நாம் கைவைக்க இயலாது. அண்டை நாடுகள் ஒப்புக்கொள்ளா. ஆனால் தூரம் எங்கே இருக்கிறது? நம் மண்ணில் இருக்கிறது! நம் மண்ணின் தூரத்தை நிர்ணயிக்கும் உரிமையை எவனுக்கும் விட்டுத்தர மாட்டோம்!”

பக்தர்கள் கைதட்டினார்கள். மூன்றாம் ஆணை அங்கேயே வாசிக்கப்பட்டது. மன்னரின் வண்டி கடக்கும்போது இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம் பூஜ்யம் என்று கொள்ளப்படும். யாரும் கேட்காமலேயே அமைச்சர் தன் கைப்பட இன்னொரு வரி சேர்த்தார்: ‘இவ்வாணை நாட்டின் எல்லாச் சாலைகளுக்கும், முடிசூட்டிய நாள் முதல் செல்லும்.’

“அப்போ ராஜா வண்டியோட வேகம் எவ்ளோங்கய்யா?” என்றாள் பூங்காவனம்.

“பூஜ்யம்.”

“போன தூரம்?”

“அதுவும் பூஜ்யமே. இதற்கு நீ ஒப்பமிட்டால் கண் திறந்திருக்கும். மறுத்தால் நாளையே பெயர்த்தெடுக்கப்படும்.”

“எழுத்துல குடுங்க. ராஜ முத்திரையோட.”

கொடுத்தார். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் தாமோதரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கு ஏழு நாளு நடை, ராஜாவுக்குப் பூஜ்யமா? உன்னைப் பத்தி ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருந்தேனே, பூங்கா.”

“கண்ணு திறந்திருக்குதா இல்லையா? அதை மட்டும் பாருங்க” என்றாள் அவள். ஆனால் அந்தச் சொல் அவளைச் சுட்டுவிட்டது. கண் திறந்திருந்தும் எண் இல்லாத வண்டிகள் இஷ்டத்துக்குப் பறந்துகொண்டுதான் இருந்தன. எண் பலகையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அவள் எட்டு மனு போட்டாள். எட்டும் பரிசீலனையில் இருந்தன.

தேர்தல் வந்தது. மன்னரை எதிர்த்து நின்றவர் ஓர் உப்பளத் தொழிலாளி. அவர் தந்த வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: எல்லா வண்டிக்கும் எண் பலகை, தன் வண்டிக்கும் சேர்த்து. அவரிடம் அப்போது வண்டி இல்லை.

ஓட்டுப்பதிவுக்கு முன்னால், மன்னர் ஐந்தாண்டில் மக்களைத் தேடி எவ்வளவு தூரம் போனார் என்பதைச் சாலைத்துறை ஊர்ச் சதுக்கத்தில் வாசித்துக்காட்ட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். யாரும் காதில் வாங்காத சடங்கு அது. வேகக்கண்களின் பதிவை வைத்து அதைத் தயாரிக்க வேண்டியிருந்ததால், அந்த முறை வாசிக்கும் வேலை பூங்காவனத்திடம் வந்தது. கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு மேடையேறினாள். மன்னர் நடுநாயகமாக வீற்றிருந்தார்.

“மாமன்னர் வாயுவேக வர்மர் ஐந்தாண்டில் மக்களை நாடிச் சென்ற மொத்தத் தூரம்: பூஜ்யம். சராசரி வேகம்: பூஜ்யம்.”

எங்கோ ஒருவர் இருமினார். அதன்பின் சிரிப்பு, முதலில் மீன்காரப் பெண்களிடம், பிறகு சதுக்கம் முழுக்க.

நவகோடியார் துள்ளி எழுந்தார். “பொய்! மன்னர் இந்நாட்டை ஆறு முறை வலம் வந்தவர்!”

பூங்காவனம் முத்திரையிட்ட தாளை உயர்த்திக் காட்டினாள். “ஆணை உங்களோடதுங்கய்யா. தப்புன்னா இப்பவே ரத்து பண்ணிடுங்க. ரத்து பண்ணா பழைய பதிவுக்கெல்லாம் உசுரு வந்துடும். இருநூத்திப் பதினாலு தடவை. தடவைக்கு ஏழு நாள். ஆக, ராஜா ஆயிரத்து நானூத்தித் தொண்ணூத்தெட்டு நாள் நடக்கணும். எதுன்னு சொல்லுங்க, அதைப் படிக்கிறேன்.”

கூட்டத்தில் நின்ற தாமோதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் பொண்டாட்டிங்க, எம் பொண்டாட்டி” என்றார். அந்த ஆளுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

மன்னரும் அமைச்சரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு மன்னர் எழுந்து கம்பீரமாக அறிவித்தார்: “நாம் அசையவில்லை.”

“அசையாத ஆட்சி! நிலையான ஆட்சி!” என்று அமைச்சர் முழங்கினார். மாலைக்குள் ‘நாடு பறக்கிறது’ அழிக்கப்பட்டு, எல்லாச் சுவரிலும் ‘ஐந்தாண்டாக அசையாத ஒரே மன்னர்’ என்று எழுதப்பட்டது. அதை நம்பியவர்கள் பலர். நம்ப வேண்டியது எது என்று சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அங்கே இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். அசையாத மன்னரின் வண்டி அசைவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. ஆகவே அது கொட்டகையில் பூட்டப்பட்டது. காவல் வண்டிகளும் அப்படியே. கடற்கரை அரண்மனைக்குரிய ஓட்டுச்சாவடியோ புளியந்திருப்பத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஓட்டுப்பதிவு நாளன்று வாயுவேக வர்மர் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார்.

திருப்பம் வரை வந்துவிட்டார். கடக்கத்தான் முடியவில்லை. ஒரு காலை எடுத்து வைப்பார், ஒரு வண்டி சீறும், பின்வாங்குவார். அப்படியே கால்மணி நேரம். கடந்து போன ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் அவர் படம் சிரித்துக்கொண்டிருந்தது. நவகோடியாரின் வண்டி வந்த வேகத்தில் மன்னரின் ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போயிற்று.

பூங்காவனம் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எவரும் நிற்கவில்லையே, அம்மா.”

“நிக்க மாட்டாங்க ராஜா. நம்பர் இல்லாத வண்டி. யாருன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.”

“அவற்றில் நம் படம் இருக்கிறதே?”

“படம் கண்ணாடியில இருக்குதுங்க. நீங்க ரோட்டுல இருக்கீங்க.”

மன்னர் குடையை மடக்கினார். பூங்காவனம் ஒரு கையால் அவர் கையைப் பற்றிக்கொண்டு, மறுகையை உயர்த்தி, சாலைக்கு நடுவே போய் நின்றாள். லாரிகள் கிரீச்சிட்டன, ஆரன்கள் அலறின, யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். அவள் அசையவில்லை. ஒற்றைச் செருப்போடு மன்னர் முதல் கோட்டருகிலிருந்து இரண்டாவது கோட்டை நோக்கிச் சாய்வாக மெள்ளக் கடந்தார். அந்தப் பக்கம் பள்ளிக்கூட வாசலில் ஊன்றுகோலோடு சீதாபதி நின்றிருந்தார். மன்னர் அவர் காலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஓட்டுச்சாவடிக்குள் அவர் எல்லோரையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். விரலில் மையோடு வெளியே வந்து, “நாம் கடந்ததைப் பதிவு செய்துகொள்” என்றார்.

“தூரம் எவ்ளோன்னு எழுதட்டுங்க ராஜா?”

மன்னர் வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். “அந்தக் கோட்டருகே நின்றேன், இந்தக் கோட்டருகே வந்து சேர்ந்தேன். இருபது மீட்டர் என்று எழுது.”

மூன்றாம் நாள் முடிவு வந்தது. வாயுவேக வர்மர் ஒரே ஒரு ஓட்டில் தோற்றிருந்தார்.

எல்லா வண்டிக்கும் எண் பலகை வந்தது. புது மன்னரும் அறுபத்தொன்றில் மாட்டி ஏழு நாள் நடந்தார். அந்த ஒரு ஓட்டு தன்னுடையதுதான் என்று நாட்டில் ஒவ்வொருவரும் மார்தட்டிக்கொண்டார்கள். மீன்காரப் பெண்கள் ஆளுக்கு ஆள் சத்தியம் செய்தார்கள். சீதாபதி கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு டீ கொடுத்துத் தன் கதையைச் சொன்னார்.

“அது என்னோட ஓட்டுதான், பூங்கா. எனக்கு நல்லாத் தெரியும்” என்றார் தாமோதரன்.

பூங்காவனம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “இருக்கும்” என்றாள்.

“பின்ன யாரோடதுங்கற?”

“ஓட்டு ரகசியம்ங்க” என்றாள் அவள். “வெளிய சொல்லக் கூடாது.”