அத்தானின் கோட்டில் விழுந்த சொதி

வெள்ளையைப் பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன். கொக்கு, நுரை, மல்லிகை, கன்னியாஸ்திரிகளின் முக்காடு, துறைமுகத்துக்கு மேலே விடியலில் தொங்கும் பனிப்புகை. எதையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளைக் கோட்டைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் இடது மார்பில் ஈரமாக ஏதோ விழுவது போலிருக்கும். பேனாவை மூடிவிட்டுத் துடைக்கத் துவாயைத் தேடுவேன். இப்போது ஐம்பது நெருங்குகிறது. இனி மறைத்துப் பயனில்லை. மறைக்கலாம் என்றாலும், எங்கள் குடும்பத்தில் இது தெரியாத ஆள் இல்லை.

அக்காவின் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை போடவேண்டிய புதுக் கோட்டை, மாப்பிள்ளைக்கு முன்பே நான் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டு இடியப்பம் சாப்பிட்டேன்.

(தேங்காய்ப்பால் சொதியோடு.)

யுத்தம் முடிந்திருந்தது, பங்கீட்டுத் துணிக் கூப்பன் முடியவில்லை. வீட்டிலிருந்த அத்தனை பேரின் கூப்பனையும் ஒன்றாக்கி, அப்பா வெள்ளை டிரில் துணி வாங்கி, கிராண்ட்பாஸில் தையல்கடை வைத்திருந்த காசிம் நானாவிடம் தைக்கக் கொடுத்தார். அந்த வருடம் அம்மாவுக்குச் சேலை இல்லை, எனக்குச் சட்டை இல்லை. எல்லாம் அந்தக் கோட்டுக்குள் போயிருந்தன. எங்கள் வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளைக்கு உடுப்புக் கொடுப்பது பெண் வீட்டார். கல்யாணத்தன்று காலையில் அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பது பெண்ணின் தம்பி. நாலு மணிக்குக் கொட்டாஞ்சேனைக் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வெள்ளவத்தையில். கோட்டு பத்து மணிக்கு அங்கே இருக்கவேண்டும்.

மாப்பிள்ளை சேவியர் அத்தான் சாது. அவருடைய தாயார் அப்படியில்லை. மாமி ஒரு கதிரையில் உட்காருமுன் அதை விரலால் தடவி, விரலைப் பார்ப்பவர். கல்யாணம் பேச வந்த அன்று எங்கள் தேத்தண்ணிக் கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "கொட்டாஞ்சேனை ஆக்கள், பரவாயில்ல. துப்புரவுதான் கொஞ்சம் காணாது" என்றார். அவர் போனபின் அக்கா எல்லாக் கோப்பைகளையும் மூன்று தரம் கழுவினாள். அந்த மாமியோடுதான் அவள் ஒரே வீட்டில் வாழப்போகிறாள். ஒரு புள்ளி போதும், ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் போட்டேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது. நான் கவிஞன் என்று நானே முடிவெடுத்து மூன்று மாதம். கவிஞனுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது: நீண்ட மயிர், காரணமில்லாத சோகம், பசி. நல்ல கோட்டு ஒன்றுதான் குறை. முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அதை மாட்டினேன். தோள் இரண்டும் வெளியே துருத்தின. கை விரல்நுனிவரை வந்தது. ஆனாலும் கண்ணாடியில் ஒரு மகாகவி நின்றான். சபை அவனுக்காகக் காத்திருந்தது.

"செபஸ்தி! சாப்பிட்டிட்டுப் போடா!" குசினியிலிருந்து அம்மா. "வெறும் வயித்தோட போய், வழியில மயங்கி விழுந்து கோட்டை ஊத்தையாக்கிப் போடாத!"

கதவிடுக்கால் ஒரு தட்டு நீண்டது. கோட்டோடு அகப்பட்டால் கொலை விழும். வாங்காவிட்டால் அம்மா உள்ளே வந்துவிடுவார். ஒரு கையை மட்டும் நீட்டி வாங்கினேன். கழற்றிவிட்டுச் சாப்பிடலாம் என்று யோசித்தேன். ஆனால் கண்ணாடியில் நின்ற மகாகவி இன்னும் ஒரு கவிதை சொல்லியிருக்கவில்லை. இரண்டு வாய் தின்றுவிட்டு, மூன்றாவது வாயைக் கையில் பிடித்தபடி, "நிலவே!" என்று கையை வீசினேன்.

நிலவுக்குப் போகவேண்டியது நெஞ்சில் விழுந்தது.

பெரிய கறையில்லை. ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு. ஆனால் அந்த வெள்ளையில் அந்த மஞ்சள் ஒரு கண்ணைப் போல விழித்தது. துடைத்தேன். உள்ளங்கையளவு ஆனது. கொல்லையில் பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்ததால் அங்கே போக வழியில்லை. முகம் கழுவும் பேசினையும் சவர்க்காரக் கட்டியையும் அறைக்குள் கொண்டுவந்து, கோட்டைக் கழற்றி, கறையை நனைத்து, என் பலம் முழுவதையும் கொண்டு தேய்த்தேன்.

மஞ்சள் போய்விட்டது. அந்த இடத்தில் இரத்தம் வந்தது.

நான் மிகைப்படுத்தவில்லை. என் கண் முன்னால் அந்தக் கறை சிவந்தது, செங்கட்டி நிறமாகி, ஆட்டிறைச்சிக் கடை நிறமாகியது. இன்னும் தேய்த்தேன். இன்னும் சிவந்தது. நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் திரு இருதயப் படம், முன்னால் சிவப்புக் கண்ணாடிக்குள் விளக்கு. ஆண்டவர் தம்முடைய இடது மார்பில் சிவந்த இருதயத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். கோட்டின் இடது மார்பைப் பார்த்தேன். அதே இடம். அதே நிறம்.

கொட்டாஞ்சேனையில் பிறந்து, ஒவ்வொரு இரவும் அந்தப் படத்துக்கு முன்னால் செபமாலை சொல்லி வளர்ந்த ஒருவன் இதற்கு என்ன அர்த்தம் கொள்வானோ, அதையே கொண்டேன். முழந்தாளில் விழுந்தேன்.

"ஆண்டவரே, கோட்டைப் போட்டது நான்தான். மன்னியும். தமிழ் வாத்தியாரின்ர மூக்குக்கண்ணாடியை ஒளிச்சு வச்சதும் நான்தான். அப்பாவின்ர சுருட்டுக் குறையிறது என்னாலதான். கல்யாணக் கேக்கின்ர பின்பக்கத்தைத் தோண்டினதும் நான்தான், எலி இல்ல..."

"கேக்கையுமா?" என்றது ஒரு குரல்.

"ஓம் ஆண்டவரே" என்றேன்.

பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் தலை உலர்த்திக்கொண்டிருந்த அக்கா, ஈரக் கூந்தலோடு உள்ளே வந்தாள். கோட்டைப் பார்த்தாள்.

"ஆரைக் குத்தினனீ?"

"சொதி, அக்கா. மஞ்சளாத்தான் இருந்தது. சவர்க்காரம் போட்டவுடன..." என்று படத்தைக் காட்டினேன்.

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மாமி சாகுமட்டும் சொல்லுவா" என்றாள் மெதுவாக. பிறகு எழும்பினாள். "அம்மாட்டச் சொல்லாத. அப்பாட்டையும் சொல்லாத. நானாட்ட ஓடு, அவருக்குத் துணி தெரியும். நான் நாலு மணிக்குக் கோயிலுக்கு வருவன். அங்க அத்தான் என்னத்தைப் போட்டுக்கொண்டு நிப்பார் எண்டது உன்ர கையில."

ஈரக் கோட்டைப் பழைய விரிப்பில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

காசிம் நானா விரித்துப் பார்த்ததும் ஊசியைக் கீழே போட்டார். "என்ன மகன், யாருக்கும் வெட்டுக்காயமா?" பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கவில்லை. "இது ரத்தமில்ல. சொதி."

"சிவப்பா இருக்கே நானா!"

"மஞ்சள்ள சவுக்காரம் பட்டாச் செவக்கும் மகன். ஒங்கட வீட்ல சட்டி கழுவுற எல்லாருக்கும் தெரியும். ஒங்களுக்குத் தெரியாது, ஏனெண்டா நீங்க கழுவுறல்ல." அலசிவிட்டு, ஒரு தேசிக்காயை வெட்டி அதன் புளிப்புச் சாற்றைப் பிழிந்தார். சிவப்பு சுருங்கி, பழைய மஞ்சள் திரும்பி வந்தது. என் ஒரே அற்புதம் ஒரு தேசிக்காயோடு முடிந்தது. "இனி வெயிலு குடிக்கட்டும். மஞ்சள் வெயிலுக்கு நிக்காது. ரெண்டு மணித்தியாலம் போதும்."

இருவரும் அண்ணாந்து பார்த்தோம். வத்தளைப் பக்கமிருந்து, ஆற்றைத் தாண்டி, எருமைக் கூட்டம் போல மேகம் வந்துகொண்டிருந்தது.

"இங்க நிக்காதீங்க" என்றார் நானா. "அங்கால கடக்கரைப் பக்கம் இன்னும் வெயில் ஈக்கி. ஓடுங்க மகன்!"

டிராமில் தொங்கிப் புறக்கோட்டையில் இறங்கி, கரையோர ரயில்கோச்சியில் வெயில் விழும் பக்கத்து யன்னலைப் பிடித்தேன். மேகமும் கூடவே புறப்பட்டது. வண்டிக்குள் நிழல், வெளியே வெயில். வேறு வழி தெரியவில்லை. கோட்டின் இரு தோளையும் பிடித்து யன்னலுக்கு வெளியே நீட்டினேன். அது காற்றில் நிமிர்ந்து, கையும் நெஞ்சும் உப்பி, நான் இல்லாமலே என்னைவிட நல்ல கவிஞனாகப் பறந்தது.

எதிரே இருந்த பெரியவர் கொள்ளுப்பிட்டி வரை பொறுத்தார். பிறகு கேட்டார்: "தம்பி, யுத்தம் முடிஞ்சிட்டுதே. இன்னும் ஆருக்குச் சரணடையிறீர்?"

இன்ஜின் கரியைத் துப்பியது. ஒவ்வொரு கரித்துகளுக்கும் கோட்டை உள்ளே இழுத்தேன், வெளியே நீட்டினேன், இழுத்தேன், நீட்டினேன். (வெள்ளவத்தை வரை. தோள் வலி ஒரு கிழமை இருந்தது.)

வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அப்பால் கற்பாறைகள். ஒரு பாறையில் கோட்டை விரித்தேன். உலர்ந்தது, மஞ்சள் கொஞ்சம் வெளிறியது. இன்னும் வேகமாக வெளுக்கட்டும் என்று கடல்நீரை அள்ளித் தெளித்தேன். பத்து மணி எப்போதோ போயிருந்தது. மேகம் பம்பலப்பிட்டிக்கு மேலே நின்றது. நான் மேகத்தைப் பார்த்தேன், கறையைப் பார்த்தேன், மேகத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் என் மூளையில் ஒரு உவமைகூட வரவில்லை. அதிலிருந்து நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

"அது என்ர மகன்ர கோட்டோ?"

பின்னால், பத்து மணிக்கு வராத கோட்டைத் தேடி, கறுப்புக் குடையோடு, மாமி.

ஓட இடமில்லை. முன்னால் கடல். மாமி பாறையில் ஏறி, குனிந்து, கறையை விரலால் தடவி, விரலைப் பார்த்தார். நாக்கில் வைத்தார்.

"சொதி." பிறகு, "தேசிக்காய்." பிறகு, முகம் இருண்டு, "கடல் தண்ணி. ஆர் உனக்குக் கடல் தண்ணி தெளிக்கச் சொன்னது? உப்புப் பூக்கப்போகுதடா, விசரா! முதல்ல சவர்க்காரம் போட்டனீ என்ன?"

"ஓம் மாமி."

"சிவந்ததோ?"

"ஓம் மாமி." அதற்குமேல் தாங்கவில்லை. அன்று இரண்டாம் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, நிலவு, திரு இருதயம், கேக்கு, எல்லாம்.

"கொக்காவுக்கு, கல்யாணப் பொம்பிளைக்கு, தெரியுமோ?"

"தெரியும். அவதான் நானாட்ட ஓடச் சொன்னவ."

"அழுதவளோ?"

"இல்ல மாமி."

மாமி கோட்டின் ஓரத்தை நிமிர்த்தி, கறையை இன்னொரு தரம் பார்த்தார். அக்காவின் வாழ்க்கை அந்தப் பாறையில் நின்று காத்துக்கொண்டிருப்பது போலிருந்தது. பிறகு குடையை மடக்கினார்.

"கறையைக் கண்டு அழுகிறவள் எனக்குச் சரிவராது" என்றார். "ஓடிப்போய் எங்கட கிணத்தில ஒரு வாளி தண்ணியும் குசினியில ரெண்டு தேசிக்காயும் எடுத்துக்கொண்டு வா. மகன் கேட்டால், கோட்டு மாமியின்ர கையில எண்டு மட்டும் சொல்லு."

உப்பை அலசினோம். தேசிக்காய் பிழிந்தோம். மாமி கோட்டைக் காய விடவில்லை. நனைத்து நனைத்து வெயிலுக்குக் காட்டினார். மேகம் கிட்ட வரும்போதெல்லாம் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வெயில் இருக்கும் பாறைக்குப் பாறை நடந்தார். நான் வாளியோடு பின்னால். அவர் அதட்டியதெல்லாம் கறையைத்தான்: "போறியோ இல்லையோ? உன்னைப் போல எத்தினை பேரைப் பாத்திருக்கிறன்!" அழுக்கைக் கண்டால் சிலருக்கு முகம் சுளிக்கும். மாமிக்கு இளமை திரும்பியது.

ஒரு மணி தாண்டியபோது மேகம் எங்களைப் பிடித்தது. அதற்குள் கறை, தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு மூச்சாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய், மாமி கரி இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்து அழுத்தினார். அந்த மூச்சும் நின்றது.

நாலு மணிக்கு அக்கா கோயிலுக்குள் வந்தாள். எல்லா மணப்பெண்களும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். அக்கா அவருடைய இடது மார்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மாமியைப் பார்த்தேன். மாமி பீடத்தைப் பார்த்துக்கொண்டு, பக்தியோடு, மிகச் சிறிதாகத் தலையை ஆட்டினார். அக்கா மூச்சு விட்டது மூன்றாம் வரிசைவரை கேட்டது.

அன்று மாலை வீட்டில் கேக்கு மேசையைச் சுற்றி எல்லோரும் நெருங்கியபோது, மாமிதான் முன்னால் வந்து, கேக்கின் பின்பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்து, "வெளிச்சத்துக்கு இப்பிடித்தான் வடிவு" என்றார்.

மாமிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. பெற்ற மகனையே சில நாள் "நீர் ஆர்?" என்று கேட்கிறார். போன ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புழுக்கத்தில் பெனியனோடு மேசைக்கு வந்தேன். அக்கா இடியப்பத் தட்டை வைத்தாள். மாமி கண்ணைச் சுருக்கி என்னை நெடுநேரம் பார்த்தார்.

"கோட்டைக் கழட்டிப்போட்டுச் சாப்பிடு" என்றார்.

எழும்பினேன். இல்லாத கோட்டைக் கழற்றி, பக்கத்துக் கதிரையின் முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். மாமி கையை நீட்டி அந்தக் கதிரையை விரலால் தடவி, விரலைப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் அக்கா சொதிச் சட்டியைக் கிட்டக் கொண்டுவந்தாள்.