மரம் எடுக்க அனுமதி

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் இளமையில் கைவிட்ட ஏதாவதொரு கலையைத் தூசி தட்டி எடுக்கவேண்டும் என்று இதுவரை சட்டம் ஏதும் இயற்றப்படவில்லை. இருந்தும் எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டே நடக்கிறோம். பக்கத்து மேசைக்காரர் புல்லாங்குழல் ஊதுகிறார். அவர் வீட்டுக்கு விருந்தாளி வருவது நின்றுவிட்டது. மேலாளர் சைக்கிள் வாங்கி, அதற்கேற்ற இறுக்கமான கால்சட்டையும் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு காரில் வருகிறார். நான் பரண்மேல் கிடந்த கேமராவை இறக்கினேன்.

என் பழைய படங்களையெல்லாம் புரட்டிப் பார்த்த மனைவி ஒன்றுதான் கேட்டாள்.

"காக்கா இருக்கு, கரண்ட் கம்பம் இருக்கு, கம்பத்து மேல மறுபடியும் காக்கா இருக்கு. நான் எங்கங்க?"

இருபத்து மூன்று வருஷத்தில் அவளை உருப்படியாக ஒரு படம் எடுத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால், யார் கண்ணிலும் படாமல் நாங்கள் உட்கார்ந்து பேசிய மரம் ஒன்று பூங்காவில் குளத்தோரம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, பத்தே நாள், இலை தெரியாமல் மஞ்சளாகப் பூக்கும். அதனடியில் நிறுத்தி எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் நீல உடையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

பூத்த இரண்டாம் நாள் போனோம். வாசல் காவலர் கேமராவைப் பார்த்ததும் தடுத்துவிட்டார். உள்ளே முந்நூறு பேர் போனைத் தூக்கி, உதட்டைக் குவித்து, மரத்துக்கு முதுகைக் காட்டித் தங்களையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை மட்டும் விட்டீர்களே என்றேன்.

"போன்ல எடுக்கறதெல்லாம் எடுக்கறதே இல்ல சார். உங்களது கேமரா, எடுத்தா எடுத்ததுதான். ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க."

பூங்கா அலுவலகத்தில் இருந்தவருக்குச் 'சுழி' என்று பெயர். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் படிக்காமல் ஓரத்தில் ஒரு சுழி போடுவார். அவர் கொடுத்த படிவத்தில் மூன்று கட்டங்கள்: எடுக்கப்படும் பொருள், காரணம், திருப்பி வைக்கும் தேதி. பூங்காவில் எதை எடுப்பதற்கும் அதுதான் படிவமாம். போன வாரம் பழைய பெஞ்சுகளை எடுத்ததற்கும் அதுதானாம். மனைவியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

"அவங்க பூங்காவோட சொத்தா?"

"இல்லைங்க."

"அப்ப எழுதாதீங்க. மரத்தை மட்டும் எழுதுங்க."

முதல் கட்டம் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. இந்த இடத்தில் என் பெருமையைச் சொல்லியாக வேண்டும். குறிப்பு எழுதுவதில் எங்கள் துறையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. கட்டத்துக்கு வெளியே எழுத்து போன மனுக்களை எத்தனையோ தடவை நானே திருப்பியடித்திருக்கிறேன். ஆகவே, 'படம்' என்பது சொல்லாமலே விளங்கும் என்று அதை வெட்டிவிட்டு, 'குளத்தோர மரம் – 1' என்று எழுதினேன். காரணம்: மனைவியின் விருப்பம். திருப்பி வைக்கும் தேதி: தேவையில்லை. சுழி விழுந்தது.

கோப்பு நகர ஆரம்பித்தது. நாலாம் நாள் மனைவியின் ஒப்புதல் கடிதம் கேட்டார்கள். 'மனமார விரும்புகிறேன்' என்று அவளே எழுதிக் கொடுத்தாள். ஏழாம் நாள் பொறியாளர் ஒருவர் வந்து மரத்தின் சுற்றளவை அளந்துவிட்டுப் போனாராம். ஒரு படத்துக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் புல்லரித்தது. ஒன்பதாம் நாள் போன் வந்தது, "உங்க வேலை முடிஞ்சிருச்சு சார், வாங்க" என்று. அவள் நீல உடையைப் போட்டுக்கொண்டாள்.

குளத்தோரம் தரையெல்லாம் மஞ்சள் பூ. நடுவில் அடிக்கட்டை.

சுழியிடம் ஓடினேன். அவர் உத்தரவை வாசித்துக் காட்டினார். விண்ணப்பதாரரின் மனைவியின் விருப்பத்தைக் கனிவுடன் பரிசீலித்து, மேற்படி மரம் முழுவதுமாக எடுக்கப்பட்டதாம்.

"ஒன்பது நாள்ல எந்த ஆபீஸ்ல சார் வேலை முடியுது?"

கோப்பை வாங்கி வரி வரியாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். கோப்பை மூடி அவர் மேசையிலேயே வைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் அடிக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. "வந்ததுக்கு எடுங்க" என்றாள். எடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து, பூங்கா அலுவலகமே நடத்திய 'மரம் காப்போம்' புகைப்படப் போட்டியில் நான் அனுப்பிய அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்த முகத்தில் எவ்வளவு இயல்பான துயரம் என்று நடுவர்கள் வியந்தார்கள். மேடையில் சுழியே கேடயத்தைக் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். கூட்டமே எழுந்து கைதட்டியது.

வீட்டில் மனைவி கேடயத்தைத் திருப்பிப் பார்த்தாள். வைரம் பாய்ந்த கட்டை, உள்ளே லேசான மஞ்சள். மூக்கருகே வைத்து முகர்ந்தாள்.

"நம்ம மரம்ங்க" என்றாள்.

நான் அதை மாட்டச் சுவரில் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.