கல்லறை பார்க்கப் போன அப்பா

சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு
1909ஆம் வருஷம், டிசம்பர் மாதம்

பாளையங்கோட்டையில் ஊழியம் செய்துவரும் மாமனார் உபதேசியார் அவர்களுக்கு, மருமகன் மாசிலாமணி பணிந்து எழுதுவது:

கர்த்தருடைய கிருபையால் நானும் தங்கள் மகள் தங்கமும் பிள்ளைகளும் சுகம். என் தகப்பனார் தனசேகரனும் சுகந்தான். அவர் பேசுகிற பேச்சைக் கேட்டு எனக்குத்தான் சுகமில்லை. போன ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெற்றவர், பத்து நாள் இருமலுக்கே பயந்துபோய் என்னைக் கூப்பிட்டு, தான் செத்தால் எரித்துவிட வேண்டும் என்கிறார். ஜுரம் முற்றிவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை மாமா. கடைசி நாளில் எக்காளம் தொனித்து எல்லாரும் குழியை விட்டு எழுந்து வரும்போது அப்பா மட்டும் வராமற்போனால் நான் அவரை எங்கே போய்த் தேடுவேன்?

வேதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். மண்ணிலிருந்து ஆதாமை உண்டாக்கினவருக்குச் சாம்பல் போதாதா என்று கேட்டார். இவ்விடத்து உபதேசியாரை அழைத்து வந்தேன். கடலில் விழுந்து மீனுக்கு இரையானவன் எப்படி எழுந்திருப்பான் என்று அவரிடம் கேட்டார், அவரோ காப்பியைக் குடித்துவிட்டு வேறு வேலை இருப்பதாகப் போய்விட்டார். கீழே கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மதுவிடம், உங்களிலும் அடக்கம்தானே, நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். அவர் மேலே வந்து அரைமணி நேரம் பாக்கு விலையைப் பேசிவிட்டு இறங்கிப் போனார். கடைசியில், நிழலும் அமைதியுமாக இருக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்தால் மனசு மாறும் என்று அப்பாவை ரிக்ஷாவில் ஏற்றிப் பிடாடரி கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். அதுதான் நான் செய்த பெரிய பிசகு. போகிற வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. யாருக்கோ வெட்டி வைத்த குழியில் முழங்கால் அளவு தண்ணீர், அதில் ஒரு தவளை. அப்பா குடையைச் சாய்த்துக்கொண்டு நன்றாகப் பார்த்தார். “ஞானஸ்நானம் ஒரு தடவை வாங்கியாச்சுப்பா, போதும்” என்றார். வீடு வந்து சேர்ந்ததும் இருமல் இரட்டிப்பாயிற்று. சாகாதவரைச் சாகடிக்கப் பார்க்கிறீர்களா என்று தங்கம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

நான் நிதானம் இழந்து அப்பாவிடம், நீங்கள் ஏன் இப்படி என் உயிரை வாங்குகிறீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. “உங்க அம்மாவுக்குக் கொள்ளி வெச்சது நீதானே. சாம்பலைக் கடல்ல கரைச்சதும் நீதான். அவ எழுந்திருக்க மாட்டாள்னா நான் மட்டும் எழுந்து எங்கப்பா போறது?” என்றார். அம்மா ஞானஸ்நானம் பெறாமலே போனவள் என்பது தங்களுக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆகையால் தாங்கள் தகுந்த வசனங்களோடு, கிறிஸ்தவன் அடக்கம் பண்ணப்பட்டே ஆகவேண்டும் என்று அப்பாவுக்குக் கண்டிப்பாய் ஒரு கடிதம் எழுதி அடுத்த கப்பலிலேயே அனுப்ப வேண்டும். தாங்கள் சொன்னால் தட்டமாட்டார்.

அத்தைக்கு என் தோத்திரம். பிள்ளைகள் தாத்தாவுக்கு முத்தம் சொல்லச் சொன்னார்கள். தங்கள் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
மாசிலாமணி

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன் அப்பா இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசி வரி வரை கேட்டுக்கொண்டார். பிறகு, “சரி, புதைச்சுடு. இல்லேன்னா அன்னைக்கு நீ என்னைத் தேடி அலைவே. உங்க அம்மாவை நான் தேடிக்கிறேன்” என்றார். அதைக் கேட்டபின் அவரைத் தண்ணீர்க் குழியில் இறக்க எனக்கு எப்படி மனம் வரும்? எரித்துவிடுகிறேன், உங்களை எழுப்புகிறவர் அம்மாவையும் எழுப்புவார் என்றேன். முடியாது, புதைத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். காலையிலிருந்து சண்டை. எனவே மாமா, கடிதத்தைக் கண்டிப்பாகவே எழுதுங்கள். அடக்கம் என்கிற இடத்தில் தகனம் என்று மட்டும் போடுங்கள். அதற்கேற்ற வசனங்களைத் தாங்களே பார்த்துச் சேர்த்துக்கொள்ளவும்.